எங்கள் வீட்டு வானொலி ஏன் இரைந்தது?
மின்காந்த இணக்கச் சோதனை பற்றிச் சில செய்திகள்

சென்ற வருட நோன்பு காலத்தில் உம்மும்மாவின் வானொலி பழுதாகிவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். பற்றரியில் இயங்கும் சிறிய வானொலி அது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே குசினி இறாக்கையில் இருக்கிறது. பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே முஸ்லிம் சேவையைக் கேட்பது உம்மும்மாவின் வழக்கம். அந்த வருடம் முதல் நோன்பிலிருந்தே, பேச்சுக்கு மேலால் வண்டு இரைவது போன்ற ஒரு சத்தம் வரத் தொடங்கியது.

“என்ட காதுதான் பழுதாப் போச்சு போல” என்றார் உம்மும்மா.

“காதுக்கு ஒண்டுமில்ல உம்மும்மா, ரேடியோதான் பழசு. அத வீசிட்டு ஃபோன்ல கேளுங்க” என்றார் நானா.

ஃபோன் என்றதும் உம்மும்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருக்குப் பேஸ்மேக்கர் என்னும் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர் ஒருவர், “ஃபோன் கிட்ட வந்தா மெஷின் நிண்டுரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கத்தாரிலிருக்கும் சாச்சா அழைத்தால், கைத்தொலைபேசியை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, உம்மும்மா அறை வாசலில் நின்று சத்தமாகப் பேசுவார். சாச்சா சொல்வதில் பாதி அவருக்குக் கேட்காது. அதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கும்.

இரையும் வானொலியும் உம்மும்மாவின் பயமும் ஒரே விடயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் வானொலிக்கு வருவோம். அஸருக்குக் கேட்டால் தெளிவாக இருக்கிறது, மஃரிபை நெருங்கும்போது இரைகிறது. இதைக் கவனித்தபின் ஒரு கேள்வி வந்தது. அந்த நேரத்தில் குசினியில் என்ன மாறுகிறது? விளக்குப் போடுகிறோம்! நோன்புக்கு முன்னர்தான் நடைபாதைக் கடையொன்றில் மலிவாக மூன்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் வாங்கிப் பூட்டியிருந்தோம். ஆளியை அணைத்தேன், இரைச்சல் நின்றது. போட்டேன், வந்தது. வானொலி பற்றரியில் இயங்குவதால், மின்வடம் வழியாக இரைச்சல் வந்திருக்க முடியாது. காற்றினூடாகத்தான் வந்திருக்க வேண்டும். வானொலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சத்தம் குறைந்துகொண்டே போய் மறைந்தது. பிறகு அதே இடத்தில், சாலையில் எரிந்த வேறு கம்பனியின் மின்குமிழைப் பூட்டிப் பார்த்தேன். இரைச்சலே இல்லை. உம்மும்மாவின் காதிலும் குற்றமில்லை, வானொலியிலும் குற்றமில்லை.

இதைப் பௌதிகவியல் ஆசிரியையிடம் சொன்னபோது, “நீங்க செஞ்சதுக்கு ஒரு பெயர் இருக்கு மகள், மின்காந்த இணக்கச் சோதனை. அதுக்கெண்டே உலகமெல்லாம் ஆய்வுகூடங்கள் இருக்கு” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்குமிழ் எப்படி வானொலியில் பேசும்? வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். எல்.ஈ.டிக்குத் தேவையானது கட்டுப்படுத்தப்பட்ட நேரோட்டம். இந்த மாற்றத்தைச் செய்ய மின்குமிழின் கழுத்துப் பகுதிக்குள் ஒரு சிறிய சுற்று இருக்கிறது. பெரும்பாலான மின்குமிழ்களில் அது மின்னோட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. பல்லாயிரம் ஹேட்ஸ் எங்கே, எஃப்.எம். வானொலியின் 88 முதல் 108 மெகாஹேட்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடை அந்த “வெட்டில்” இருக்கிறது. ஊஞ்சலை மெதுவாக ஆட்டினால் அது ஒரே மீடிறனில் ஆடும். வெறும் பிஸ்கட் தகரத்தைத் தடியால் அடித்தாலோ பலவித சுருதிகள் ஒன்றாக எழும். அதுபோல மின்னோட்டம் எவ்வளவு சடுதியாக வெட்டப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதில் மேலான மீடிறன்களும் கலந்து வரும். அவற்றில் சில எஃப்.எம். வீச்சுக்குள் விழுகின்றன.

அவை வெளியேற ஓர் அன்டெனாவும் வேண்டும். உயர்தர மாணவிகளுக்குத் தெரிந்த சமன்பாடுதான்: அலைவேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம். 100 மெகாஹேட்சுக்கு அது 3 மீற்றர். அதன் காற்பங்கு 75 சென்றிமீற்றர். முகட்டிலிருந்து மின்குமிழுக்கு இறங்கும் வயரின் நீளம் ஏறக்குறைய இதே அளவில் இருந்தால், நாங்கள் கேட்காமலேயே ஒரு நல்ல அன்டெனா கிடைத்துவிடுகிறது.

இனி, இணக்கம் என்றால் என்ன? பரீட்சை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நீங்கள் சத்தமிட்டு மற்றவர்களைக் குழப்பக் கூடாது. அதேநேரம், பக்கத்தில் ஒருத்தி இருமினால் உங்கள் பேனா நின்றுவிடவும் கூடாது. மின்கருவிகளுக்கும் இந்த இரண்டு கடமைகளும் உண்டு. முதலாவது, தேவையற்ற அலைகளை வெளியிடாதிருத்தல். இதைக் காலல் என்பார்கள். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் அலைகளைத் தாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்தல். இதைத் தாங்குதிறன் எனலாம்.

இதற்கான முயற்சி தொடங்கியதும் எங்கள் வீட்டைப் போல வானொலி கேட்டவர்களால்தான். வானொலி பரவிய காலத்தில், மோட்டர்களாலும் ட்ராம் வண்டிகளாலும் நிகழ்ச்சி கேட்க முடியவில்லை என்று நாடு நாடாக முறைப்பாடுகள் எழுந்தன. ஒவ்வொரு நாடும் தனித்தனி விதி வைத்தால் வியாபாரம் சிக்கலாகும் என்பதால், சிஸ்பர் எனப்படும் சர்வதேசக் குழு உருவானது. அதன் முதற் கூட்டம் 1934இல் பரிஸ் நகரில் நடந்தது. இன்றும் மின்விளக்குகளுக்குச் சிஸ்பர் 15, கணினி, தொலைக்காட்சி போன்றவற்றுக்குச் சிஸ்பர் 32 என்று அக்குழுவின் நியமங்களே உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன.

சோதனை நடக்கும் அறையின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுவரெங்கும் கூரையெங்கும் கூம்புகள் முளைத்த அறை அது. வெளிச்சுவர் முழுவதும் உலோகம். அதாவது நாங்கள் படித்த பரடே கூடு. வெளியிலுள்ள வானொலி, கைத்தொலைபேசி அலைகள் உள்ளே வர முடியாது. உள்ளே, காபன் கலந்த பஞ்சினாலான கூம்புகள் அலைகளை உறிஞ்சிவிடுகின்றன. இல்லாவிட்டால் ஒரே அலை சுவரில் தெறித்துத் திரும்பத் திரும்ப வந்து அளவீட்டைப் பிழைக்கச் செய்யும். மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கருவியென்றால் 80 சென்றிமீற்றர் உயரமான, மின்கடத்தாத மேசையொன்றில் வைக்கிறார்கள். முன்பெல்லாம் இது மரமேசைதான். அந்த மேசை சுழலும் தட்டின் மேல் நிற்கிறது. அன்டெனாவோ 1 மீற்றரிலிருந்து 4 மீற்றர் வரை மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. நிலத்தில் தெறித்து வரும் அலையும் நேரே வரும் அலையும் ஓர் உயரத்தில் ஒன்றையொன்று அழித்துவிடலாம், இன்னோர் உயரத்தில் கூடிப் பெருகலாம். மேற்பொருந்துகைப் பாடத்தில் வருவதுதான். ஆகவே எந்தத் திசையில், எந்த உயரத்தில் கருவி மிக மோசமாக நடந்துகொள்கிறது என்று தேடி, அதையே பதிவு செய்கிறார்கள்.

30 மெகாஹேட்சிலிருந்து மேலே உள்ள அலைகளைக் காற்றில் இப்படி அளக்கிறார்கள். அதற்குக் கீழே, 150 கிலோஹேட்ஸ் வரை, மின்வடம் வழியாகத் திரும்பி ஓடும் இரைச்சலை அளப்பார்கள். அந்த இரைச்சல் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் வயர் வழியே போய்விடக்கூடியது.

எல்லை எவ்வளவு தெரியுமா? வீட்டுப் பாவனைக்கான கருவி, 30 முதல் 230 மெகாஹேட்ஸ் வரையிலான வீச்சில், 10 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ற்று மின்புலத்துக்கு மேல் உண்டாக்கக் கூடாது. ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சமாகப் பிரித்து அதில் 32 பங்கு. ஆனால் அதே கருவி மற்றவற்றிடமிருந்து தாங்க வேண்டியதோ மீற்றருக்கு 3 வோல்ற்று! கணக்குப் பார்த்தால், தான் வெளியிட அனுமதிக்கப்பட்டதைப் போல ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு. இது அநியாயமாகத் தெரிந்தாலும் காரணம் இருக்கிறது. வானொலி மிக நுண்ணிய சமிக்ஞையைக் கேட்க வேண்டியிருப்பதால் அதன் அருகே எல்லோரும் அடங்கியிருக்க வேண்டும். கைத்தொலைபேசியும் ஒலிபரப்புக் கோபுரமும் வேண்டுமென்றே பலமாகப் பேசுபவை. அவற்றை நிறுத்த முடியாது, தாங்கத்தான் வேண்டும்.

இந்த அளவீட்டில் எனக்கு மிகப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. இரைச்சலை அளக்கும் கருவியில் ஒரு தனி முறை இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை “டிக்” என்றால் குறைந்த புள்ளியும், அதே “டிக்” அடிக்கடி வந்தால் கூடிய புள்ளியும் கொடுக்கும். வானொலி கேட்கும் மனிதனுக்கு எது எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்பதைக் கொண்டே அது வகுக்கப்பட்டது. உம்மும்மாவைப் போன்ற நேயர்களின் காது இன்றும் அந்த நியமத்துக்குள் இருக்கிறது.

சோதனையில் தவறும் ஒரு கருவி எவ்வளவு பேரை அலைக்கழிக்கும் என்பதற்கு வேல்ஸ் நாட்டிலுள்ள அபர்ஹோசன் என்ற கிராமம் சாட்சி. அங்கே பதினெட்டு மாதங்களாக, தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணைய இணைப்பு குழம்பியது. வயர்களை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியியலாளர்கள் விடியற்காலையில் மழையில் நனைந்தபடி, அலைகளை அளக்கும் கருவியோடு ஊருக்குள் நடந்தார்கள். ஒரு வீட்டில் 7 மணிக்குப் போடப்படும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம் என்று தெரிந்தது. வீட்டுக்காரருக்கு மிகுந்த வெட்கம்; இனி அதைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். இச்செய்தி 2020இல் வெளிவந்தது. அவருடைய தொலைக்காட்சி அவருக்கு நன்றாகவே வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். தொல்லை முழுவதும் அயலவர்களுக்கு. கடையில் வாங்கும்போது இதை நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் எங்களுக்காக முன்கூட்டியே அளந்து பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1998 முதல் அங்கே விண்ணிலிருந்து வருவதுபோன்ற விசித்திரமான சமிக்ஞைகள் அவ்வப்போது பதிவாகின. வானியலாளர்கள் பல வருடங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2015இல் எமிலி பெட்ரோஃப் என்ற ஆய்வு மாணவியும் அவருடன் சேர்ந்தவர்களும் விடையைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாடு சூடாகி முடியும்வரை பொறுக்காமல் யாரோ நுண்ணலை அடுப்பின் கதவைத் திறந்திருக்கிறார்கள்! அடுப்பு நிற்கும் அந்தக் கணத்தில் வெளியேறிய அலையைத்தான் உலகின் பெயர்பெற்ற தொலைநோக்கி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. (பொறுமையில்லாமல் கதவைத் திறப்பது எங்கள் வீட்டு நானாவின் வழக்கமும்கூட.)

மின்குமிழ் விடயத்திலும் இது வெறும் தொந்தரவு மட்டுமல்ல. 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஓர் எச்சரிக்கை விடுத்தது. கப்பல்களிலும் படகுகளிலும் பூட்டப்பட்ட சில எல்.ஈ.டி. விளக்குகள் கடற்பயண வானொலியைக் குழப்புகின்றன. ஒரு சந்தர்ப்பத்தில் கப்பலொன்றை வானொலியில் அழைத்தபோது தொடர்புகொள்ளவே முடியாமற் போனது. அவர்கள் சொன்ன சோதனை என்ன தெரியுமா? விளக்குகளை அணையுங்கள், வானொலியை அமைதியான அலைவரிசையில் வையுங்கள், பிறகு விளக்கைப் போட்டுப் பாருங்கள். நான் குசினியில் செய்ததேதான்! கடலில் வைத்து உதவி கேட்கும் ஒருவருடைய குரல் அந்த இரைச்சலுக்குள் மறைந்துபோனால் என்ன ஆகும்?

இந்த அளவுக்கு வந்தபின் அந்த மின்குமிழுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாமா மின்வேலை செய்பவர். அவர்தான் கழற்றித் தந்தார். (நீங்கள் தனியாகக் கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.) சிறிய பலகையில் துணைப்பாகங்கள் வரிசையாக இருந்தன. ஆனால் மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் தூண்டிக்கான அடையாளம் அச்சிடப்பட்டிருந்தது. தூண்டிக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பியைப் பற்றாசு வைத்து ஒட்டியிருந்தார்கள். மற்றதில் கொள்ளளவிக்கான இரண்டு துளைகள், வெறுந்துளைகள். தூண்டி உயர் மீடிறன் ஓட்டத்தைத் தடுக்கும், கொள்ளளவி அதைத் திருப்பி விடும். இரண்டும் சேர்ந்ததே வடி. கணினி வயரின் நுனியருகே தடித்த உருளை ஒன்றைக் கண்டிருப்பீர்களே, அதுவும் இதே வேலைக்குப் போடப்படும் பெரைட்டுத் துண்டுதான்.

“பலகைய வடிவமைச்சவனுக்கு எல்லாம் தெரிஞ்சிரிக்கி. செஞ்சவன் மிச்சம் புடிச்சிட்டான்” என்றார் மாமா. அந்த இரண்டு பாகங்களின் விலை ஒரு சுருள் கச்சானுக்குக்கூடக் காணாதாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மின்குமிழையும் சோதிப்பதில்லை, மாதிரியைத்தான் சோதிக்கிறது. ஐரோப்பாவில் 1996 முதல் மின்காந்த இணக்கம் கட்டாயம். ஆனால் அங்கு சி.ஈ. அடையாளத்தைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே தன் பொறுப்பில் இட்டுக்கொள்கிறார். ஆகவே அந்த எழுத்துக்களை ஒரு வாக்குறுதியாகவே நான் பார்க்கிறேன். எங்கள் மின்குமிழின் பெட்டியிலும் அந்த இரண்டெழுத்து அழகாக அச்சிடப்பட்டிருந்தது.

இப்போது மறுபக்கம், தாங்குதிறன். இதற்கான சோதனைகள் கொஞ்சம் கொடுமையானவை. துப்பாக்கி போன்ற கருவியால் 4,000 வோல்ற்று மின்பொறியைத் தொட்டுப் பாய்ச்சுகிறார்கள், காற்றினூடாக 8,000 வோல்ற்று. குளிர்நாடுகளில் கம்பளத்தில் நடந்துவிட்டுக் கதவைத் தொட்டால் விரலில் சுரீரென்று தெறிக்கும் பொறியின் பிரதி அது. எங்கள் ஈரப்பதனான காற்றில் அதை நாங்கள் அதிகம் உணர்வதில்லை. மின்னலால் வயரில் வரும் எழுச்சி, மின்சாரம் கணநேரம் விழுந்தெழுதல் ஆகியவற்றையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பார்கள். 1990களில் அமெரிக்காவில், வானொலிக் கருவிகளுக்கு அருகில் சில மின்சாரச் சக்கரநாற்காலிகள் தாமாகவே நகர்ந்தன. அதன் பிறகே அவற்றின் தாங்குதிறன் தீவிர கவனத்துக்கு வந்தது.

மருத்துவக் கருவிகளின் சர்வதேச நியமத்தில் 2014இல் வந்த பதிப்பு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வைத்தியசாலையில் பயன்படும் கருவி பொதுவாக மீற்றருக்கு 3 வோல்ற்றைத் தாங்கினால் போதும். வீட்டில் பயன்படும் கருவியோ 10 வோல்ற்றைத் தாங்க வேண்டும். நான் மறுதலையாகத்தான் நினைத்திருந்தேன். வைத்தியசாலையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில், நோயாளியின் கட்டிலில் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு ஏறி விளையாடுவார்கள்.

இதயமுடுக்கிக்கென்று ஐ.எஸ்.ஓ. 14117 என்ற தனி நியமமே இருக்கிறது. உடலின் உள்ளே இருப்பதுபோல அதை உப்புநீர் நிரப்பிய தொட்டியில் வைத்து, அருகில் அலைகளைப் பாய்ச்சி, துடிப்பு தவறுகிறதா என்று பார்க்கிறார்கள். இதயமுடுக்கி என்பது இதயத்தின் மிகச் சிறிய மின்சமிக்ஞையைக் கேட்டு, தேவையானபோது மட்டும் துடிப்பைக் கொடுக்கும் கருவி. வெளி அலையை இதயத்தின் துடிப்பு என்று அது தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதே கவலை. அதனால் உலோக உறையும் வடியும் அதற்குள் இருக்கின்றன. இந்தச் சோதனைகளின்படி, கைத்தொலைபேசியை இதயமுடுக்கியிலிருந்து 15 சென்றிமீற்றர் தள்ளி வைத்தால் போதும் என்பது பொது அறிவுரை. அதாவது நெஞ்சுப் பையில் வைக்கக் கூடாது. கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசலாம். கடை வாசல்களிலுள்ள திருட்டைக் காட்டும் நிலைகளினூடாக வழமைபோல நடந்து போகலாம், சாய்ந்து நிற்கத்தான் கூடாது.

இதையெல்லாம் படித்தபின் நானாக எதையும் சொல்லத் துணியவில்லை. அடுத்த முறை உம்மும்மாவைச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றபோது உம்மாவோடு நானும் போனேன். டொக்டரிடம் நானே கேட்டேன். அவரும் 15 சென்றிமீற்றர் என்றார். உம்மும்மாவின் கருவி இடப்பக்கம் இருப்பதால் வலது காதில் வைத்துத் தாராளமாகப் பேசலாம் என்று உம்மும்மாவைப் பார்த்தே சொன்னார். இதயமுடுக்கியின் விபர அட்டையைப் பணப்பைக்குள் எப்போதும் வைத்திருக்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் அடிமட்டத்தை உம்மும்மாவின் தோளருகே பிடித்து 15 சென்றிமீற்றரைக் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்று இரண்டு முறை கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சாச்சா அழைத்தார். உம்மும்மா கைத்தொலைபேசியை நடுங்கும் கையோடு வாங்கி வலது காதில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “மகள், அந்த ரேடியோவக் கொஞ்சம் மெதுவாக்கு. புள்ளைட சத்தம் தெளிவாக் கேக்குது” என்றார்.